தங்கச்சி கல்யாணப் பணமும் தலால் தெருவும்!

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதற்குள் கெட்டிக் காகிதத்தில், நாலு பக்கமும் கொடி பார்டர் போட்டு அச்சடித்த இரண்டு பத்திரங்கள். பார்க்கிறவர்கள் "கல்யாணப் பத்திரிகையா ஸார்?" என்பார்கள். ஒரு விதத்தில் அப்படித்தான். என் தங்கையின் கல்யாணப் பணம் இருபதாயிரம் ரூபாய் அந்தக் காகிதத்துக்குள்தான் இருக்கிறது. 1992-ல் உள்ளே போனது. இன்னும் வெளியே வரவில்லை!

2025 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியை மறுபடி இறக்க வேண்டி வந்தது. காரணம், அதே தங்கையின் மகன்.

பையனுக்கு இருபத்தாறு வயசு. அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு காலத்தில் லேத் பட்டறைகள் இருந்த தெருவில் இப்போது நிற்கும் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. கொரட்டூரிலிருந்து கள்ளிக்குப்பத்துக்கு பைக்கில் வந்து இறங்கியவன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமா, பாருங்க! வியாழக்கிழமை ஒரே காலைல பதினாலாயிரம்!"

திரை பூராவும் பச்சை.

"என்னடா இது, லாட்டரியா? அதைத்தான் 2003-லயே தமிழ்நாட்டுல ஒழிச்சுட்டாங்களே!"

"லாட்டரியா? போங்க மாமா. இது நிஃப்டி ஆப்ஷன்ஸ். நீங்களும் ரிடையர் ஆகிட்டு சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க..."

"அது கிடக்கட்டும். முதல் ஏது?"

கொஞ்சம் தயங்கினான். "பாப்பாவோட காலேஜ் ஃபீஸுக்கு அம்மா சேர்த்து வெச்ச ஒண்ணே முக்கால் லட்சம். ஜூன்லதானே கட்டணும்? அதுவரைக்கும் சும்மாதானே கிடக்கு!"

எனக்குச் சுரீர் என்றது. இந்த வசனம் எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இதை எழுதியவனே நான்தான்!

* 'ஆவணி வரைக்கும் சும்மாதானே!'

1992 பிப்ரவரி. எனக்கு இருபத்தைந்து வயசு. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் கிளார்க். அந்தச் சமயம் உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் கேன்டீனில் பேச்சு அசாருதீனைப் பற்றி இல்லை, ஹர்ஷத் மேத்தாவைப் பற்றி! அவர் தொட்ட ஏ.ஸி.ஸி. சிமென்ட் ஷேர் சில நூறு ரூபாயிலிருந்து ஒன்பதாயிரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. சிமென்ட் மூட்டை தூக்கத் தெரியாதவன்கூட சிமென்ட் ஷேர் பற்றிப் பேசினான்.

வீட்டில் அம்மா மூன்று வருஷம் சீட்டுக் கட்டி எடுத்த இருபதாயிரம் இருந்தது. ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். நகைக்கான பணம் அது. "ஆவணி வரைக்கும் சும்மாதானே கிடக்கு!" என்று அம்மாவை மசிய வைத்தேன்.

ஸ்டோர்ஸ் செக்‌ஷன் நண்பர் ஒரு சின்னக் கம்பெனியின் பேரைச் சொன்னார். "நூறு ரூபாய்க்கு வாங்கு. தீபாவளிக்குள்ள ஐந்நூறு!" அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது, லாபமா நஷ்டமா, ஒன்றும் கேட்கவில்லை. கால் கிலோ கத்திரிக்காய் வாங்கினால்கூட காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆசாமி நான். ஷேர் விஷயத்தில் காம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது!

அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறி, செகண்ட் லைன் பீச்சுக்குப் போனேன். 1937-லிருந்து நடந்துவந்த மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் அங்கேதான் இருந்தது (2015-ல் மூடுவிழா நடந்துவிட்டது). ஒரு புரோக்கர் மூலம் 200 ஷேர். பத்திரம் கையில் வந்ததும் பெயர் மாற்றத்துக்காகக் கம்பெனிக்கே தபாலில் அனுப்ப வேண்டும். அந்தக் காலத்து முறை அது.

ஏப்ரலில் விலை 135. கேன்டீன் டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட்டேன். ஏழாயிரம் லாபம்! செக்‌ஷன் முழுக்க மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். அந்த முதலீட்டில் யாருக்காவது பலன் கிடைத்தது என்றால் அது அந்த மசால் தோசைதான்.

ஏப்ரல் 23-ம் தேதி 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் சுசேதா தலால் என்கிற பெண் நிருபர் எழுதிய செய்தி வந்தது. வங்கிகளின் பணம் கள்ள வழியில் ஷேர் மார்க்கெட்டுக்குள் பாய்ந்த கதை வெளியே வந்தது. பிறகு விசாரணைக் கமிட்டி கணக்குப் பார்த்தபோது நாலாயிரம் கோடிக்கு மேல்! ஏப்ரல் 28-ம் தேதி ஒரே நாளில் சென்செக்ஸ் 12.77 சதவீதம் சரிந்தது.

விற்றுவிடலாம் என்றால் கையில் பத்திரம் இல்லை. அது பெயர் மாற்றத்துக்குப் போனது போனதுதான். ஜூலையில் என் பெயர் அழகாக டைப் அடிக்கப்பட்டு வந்து சேர்ந்தது. அப்போது விலை 40. "கொஞ்சம் ஏறட்டும், விற்கலாம்" என்று இருந்தேன். 25 ஆனது. 11 ஆனது. அப்புறம் பேப்பரில் அந்தப் பெயரே வருவதில்லை.

ஆவணி மட்டும் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது! என் பி.எஃப். லோன் கொஞ்சம். மீதிக்கு அம்மா தாலிச் சங்கிலியைக் கழற்றி அடகுக் கடைக்கு அனுப்பினாள். கல்யாணத்தன்று தங்கை, "சங்கிலி எங்கேம்மா?" என்று கேட்டாள். "கொக்கி விட்டுப் போச்சு. பத்தர்கிட்ட குடுத்திருக்கேன்" என்றாள் அம்மா, மஞ்சள் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டே.

சங்கிலியை மீட்கவே முடியவில்லை. முழுகிப்போய்விட்டது.

* லேத் பட்டறையில் நூறில் ஒரு பாகம்

இந்தக் கதையை அன்றைக்கு உடனே பையனிடம் சொல்லவில்லை. முதலில் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒரு பட்டறை வரைந்தேன்.

எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்குப் புது மெஷின் வாங்க 5 லட்சம் வேண்டும். பேங்க் கடன் என்றால் வட்டி. அதனால் பட்டறையை 10,000 பங்காகப் பிரிக்கிறார். பாதியைத் தானே வைத்துக்கொண்டு, மீதி 5,000 பங்கைத் தலா 100 ரூபாய்க்கு விற்கிறார். நீங்கள் 100 பங்கு வாங்கினால் பட்டறையில் நூறில் ஒரு பாகம் உங்களுடையது. லேத் சுற்றினால் உங்களுக்கும் சேர்த்துத்தான் சுற்றுகிறது. ஷேர் என்றால் இவ்வளவுதான் ஸார்!

அந்த வருஷம் லாபம் ஒரு லட்சம் என்றால் பங்குக்கு 10 ரூபாய். அதில் 4 ரூபாயைக் கையில் கொடுத்தால் அது டிவிடெண்டு. மீதி 6 ரூபாயில் இன்னொரு லேத் வாங்கினால் அடுத்த வருஷம் லாபம் கூடலாம். உங்கள் பங்கின் மதிப்பு வளர்வது அப்படித்தான்.

பங்கு விலை 100, லாபம் 10. விலை, லாபத்தைப் போல 10 மடங்கு. இதைத்தான் பி.இ. என்கிறார்கள். அதே பங்கை ஊரே அடித்துப் பிடித்து 400-க்கு வாங்கினால் 40 மடங்கு. அதாவது நாற்பது வருஷ லாபத்தை இன்றைக்கே முன்பணமாகக் கொடுக்கிறோம். லேத் அதே லேத்! வேகமாக வளர்கிற கம்பெனிக்குக் கூடுதல் கொடுக்கலாம். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் வாங்கிய கம்பெனிக்கு லாபமே கிடையாது. பூஜ்யத்தால் வகுத்தால் விடை வராது என்று ஆறாம் கிளாஸிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். நான்தான் கவனிக்கவில்லை!

'போனஸ் ஷேர்', 'ஸ்ப்ளிட்' என்றதும் சிலர் ஓடுவார்கள். ஒரு தோசையை நாலாகக் கிழித்தால் நாலு தோசை ஆகிவிடாது. மாவு அதே மாவுதான்.

"தெரிஞ்ச பெரிய கம்பெனியா வாங்கினா போதும்ல மாமா?"

நம்ம ஊரையே பார் என்றேன். 1959-ல் அம்பத்தூருக்கு வந்தது டன்லப் டயர் தொழிற்சாலை. எங்கள் சின்ன வயசில், மாப்பிள்ளைக்கு டன்லப்பில் வேலை என்றால் ஜாதகம் பார்க்காமலே பெண் கொடுப்பார்கள். கைமாறிக் கைமாறி நொடித்து, 2013-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் உத்தரவில் கம்பெனியே கலைப்புக்குப் போனது. 1949-ல் ஆரம்பிக்கப்பட்டு, அதே அம்பத்தூரில் சைக்கிள் பண்ணிய டி.ஐ., ட்யூப், செயின் என்று கிளை விட்டு இன்றும் நடக்கிறது. இரண்டும் ஒரே ஊர்க் காற்றுதான். இது வாங்கு, விற்காதே என்கிற டிப்ஸ் இல்லை. பெயர் பழகிவிட்டது என்பதால் கம்பெனி நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை என்பதற்காகச் சொன்னேன்.

* டோக்கன் அட்வான்ஸ்!

"சரி, இப்ப நீ வாங்கியிருக்கியே ஆப்ஷன், அது எந்தப் பட்டறையோட பங்கு?"

பையன் முழித்தான். எந்தப் பட்டறையும் இல்லை. கள்ளிக்குப்பத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி, மனைக் கணக்கில் சொல்கிறேன்.

ஒரு மனை 50 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓனரிடம் 50,000 ரூபாய் டோக்கன் கொடுத்து, "பத்து நாளைக்குள் நான் கேட்டால் இதே 50 லட்சத்துக்குத் தர வேண்டும்" என்று எழுதி வாங்குகிறீர்கள். திடீரென்று விலை 55 லட்சம் ஆனால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஏறாவிட்டால்? டோக்கன் அவருக்கு! இதுதான் 'கால்' ஆப்ஷன். விலை இறங்கும் என்று இதே மாதிரி கட்டினால் 'புட்'.

கவனியுங்கள். விலை ஏறினால் மட்டும் போதாது. போட்ட ஐம்பதாயிரத்துக்கும் மேலே ஏற வேண்டும். அதுவும் பத்து நாளைக்குள் ஏற வேண்டும். உங்கள் கணிப்பு நூற்றுக்கு நூறு சரியாகி, பதினோராம் நாள் ஏறினாலும் நாமம்தான்! நிஃப்டியில் இந்தக் கெடு வாரா வாரம் முடிகிறது. ஐஸ் கட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணுகிற மாதிரி.

விளைவை 'செபி'யே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. 2024 செப்டம்பர் ஆய்வுப்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இந்த எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். எல்லோருடைய நஷ்டத்தையும் கூட்டினால் 1.8 லட்சம் கோடிக்கு மேல்! லாபம் பார்த்தது பெரும்பாலும் கம்ப்யூட்டர் அல்காரிதம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள். 2023-24-ல் இதில் விளையாடியவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயசுக்குக் கீழே. 2025 ஜூலையில் வந்த அடுத்த ஆய்விலும் பெரிய மாற்றமில்லை. நூற்றுக்கு 91 பேர் நஷ்டம்.

"அந்த மீதி ஏழு பேர்ல நான் இருக்கக் கூடாதா மாமா?"

"இருக்கலாமே! வியாழக்கிழமையை மட்டும் காட்டாதே. ஆரம்பிச்ச நாள்லேருந்து மொத்தக் கணக்கைக் காட்டு."

விரல் தயங்கியது. மெதுவாக உருட்டினான். திரை சிவப்பானது. மைனஸ் 41,350. மூன்றே வாரத்தில்!

* பணத்துக்கும் தேதி உண்டு

அப்போதுதான் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பத்திரங்களைக் காட்டினேன். பாட்டியின் சங்கிலிக் கதையையும் சொன்னேன். பையன் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"அப்ப ஷேர் மார்க்கெட்டே வேண்டாங்கறீங்களா?"

அங்கேதான் நான் பல வருஷம் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். 'ஹர்ஷத் மேத்தா கெடுத்தார், டிப்ஸ் கொடுத்த நண்பர் கெடுத்தார்' என்று புலம்பி, அந்தப் பக்கமே போகவில்லை. கணக்கைப் பாருங்கள். 1992 ஏப்ரலில் சென்செக்ஸின் உச்சம் 4,467. அடுத்த ஏப்ரலில் பாதிக்கும் கீழே. பதினோரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன் 2003 ஏப்ரலில் பார்த்தாலும் 3,000-க்குக் கீழேதான்! ஆனால் 2024 செப்டம்பரில் அதே சென்செக்ஸ் 85,000-ஐத் தாண்டியது. மோசமான உச்சத்தில் வாங்கியவனுக்கும் முப்பத்திரண்டு வருஷத்தில் பத்தொன்பது மடங்கு. வருஷத்துக்குச் சுமார் ஒன்பதரை சதவீதம், டிவிடெண்டு தனி.

இதில் இரண்டு விஷயம். ஒன்று, சென்செக்ஸ் என்பது 30 பெரிய கம்பெனிகளின் கூட்டணி. நொடித்துப் போவதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவார்கள். என் ஒற்றைக் கம்பெனிக்கு மாற்று ஆள் கிடையாது. இரண்டு, மார்க்கெட்டுக்கு முப்பத்திரண்டு வருஷம் பொறுமை உண்டு. என் தங்கையின் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆவணி வரைதான் பொறுமை!

ஆகவே முதல் பாடம் பி.இ. அல்ல. ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு தேதி உண்டு. ஜூன் மாச ஃபீஸ், தை மாசக் கல்யாணம், அடுத்த வருஷம் கட்டப்போகும் வீட்டு அட்வான்ஸ், இதெல்லாம் தேதி குறித்த பணம். வட்டி குறைச்சலானாலும் பேங்க் டெபாசிட்தான் அதற்கு இடம். ஆறு மாதச் சம்பளம் அவசரத்துக்கென்று தனி. அதற்கப்புறம், அடுத்த ஏழு, பத்து வருஷத்துக்குத் தேதியே இல்லாத பணம் ஏதாவது மிஞ்சினால், அதுதான் ஷேருக்கு. கடன் வாங்கி ஷேரில் போடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தப் பணத்துக்கு மாசா மாசம் தேதி!

வழிமுறை இன்றைக்குச் சுலபம். பான் கார்டு, பேங்க் கணக்கு, 'செபி'யில் பதிவான புரோக்கரிடம் ஒரு டீமேட் கணக்கு. 1996-ல் டெபாசிட்டரி வந்த பிறகு, பத்திரம் தபாலில் அலைகிற வேலையெல்லாம் படிப்படியாகப் போயே போய்விட்டது. 2023 ஜனவரி முதல் எல்லா ஷேரும் வாங்கிய மறுநாளே கணக்கில் ஏறிவிடுகிறது. நாமினி பெயரை மறக்காமல் எழுதுங்கள். கம்பெனி கணக்கைப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு, குறியீட்டில் உள்ள கம்பெனிகளையே அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டு இருக்கிறது. 'எஸ்.ஐ.பி.' என்று மாதம் ஐந்நூறு ரூபாயிலேயே ஆரம்பிக்கலாம். விலை இறங்கின மாதம் கூடுதல் யூனிட் சேரும். மாதம் 5,000, இருபது வருஷம், வருஷத்துக்குச் சராசரி 10 சதவீதம் கிடைத்தால், போட்ட 12 லட்சம் சுமார் 38 லட்சம் ஆகும். 'கிடைத்தால்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். யாரும் உத்தரவாதம் தர முடியாது. செல்போன் குரூப்பில் ஒருவர் உத்தரவாதம் தருகிறார் என்றால், அவர்தான் இன்றைய ஸ்டோர்ஸ் நண்பர்.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு விற்க முடியாமல் நான் மாட்டிக்கொண்டேன். இன்றைக்கு வாங்குவதும் விற்பதும் ரொம்பச் சுலபமாகிப் போய், அதிலேயே பசங்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

* சாயங்காலக் காபி

பையன் அன்றைக்கே மிச்சம் இருந்ததை முழுக்க எடுத்து அம்மா கணக்கில் போட்டுவிட்டான். துண்டு விழுந்த நாற்பத்தோராயிரத்துச் சொச்சத்தைத் தன் சம்பளத்திலிருந்து மூன்று மாசத்தில் நிரப்பினான். அந்த மூன்று மாசம் ஆபீஸ் கேன்டீனுக்குப் பதில் டப்பாவில் எலுமிச்சை சாதம். ஜூனில் பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டியாகிவிட்டது.

இப்போது அவனுக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஓர் இண்டெக்ஸ் ஃபண்டு இருக்கிறது. போன வாரம் காபி குடிக்க வந்தவன் அலுத்துக்கொண்டான்.

"மாமா, செம போர் மாமா! ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது!"

"அப்படியே நடக்காம இருக்கட்டும்டா. நடக்க வேண்டியது பத்து வருஷம் கழிச்சு நடக்கட்டும்" என்றேன்.

1999-ல் ஒரு நல்ல போனஸ் வந்தபோது அம்மாவுக்குப் புதுச் சங்கிலி வாங்கிப் போனேன். "உன் பெண்டாட்டிக்குப் போடு. எனக்கு இதுவே பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டாள். கடைசிவரை மஞ்சள் கயிறுதான். பத்தரிடம் கொக்கி போடக் கொடுத்ததாகத்தான் தங்கை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

டிரங்குப் பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விட்டது. தங்கை இந்தப் பத்திரிகையை வாரா வாரம் முதல் பக்கத்திலிருந்து ஜோக்ஸ் வரை ஒரு வரி விடாமல் படிப்பாள். படித்ததும் போன் வரும். என்ன பதில் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.